எருக்கலம்பூவுக்கு நடந்த பெரும்போர்

பருத்தித்துறைக் கடற்காற்றில் பிறந்தவளும், தாவரவியல் மூன்றாம் வருடத்தின் மங்காத விளக்கும், ஒற்றைக் குண்டூசியைப் படைக்கலமாக ஏந்தி ஒரு செடிப்பற்றையின் பக்கத்தில் ஆடி மாதம் முழுவதும் அசையாது குந்தியிருந்த திண்மையாளும், வெயிலை வெண்கொற்றக் குடையெனத் தலையிற் சூடிச் சைக்கிளைத் தேரெனச் செலுத்தியவளுமாகிய பத்மாசினி நீடு வாழ்க. அவள் கட்டிய நூல் வாழ்க. அந்த நூலோடு பூவைப் பிடுங்கியவரும் வாழ்க. ஏனென்றால் அவரும் நல்லவர்தான்.

காவியம் தொடங்குமுன் பிள்ளையாரை வணங்குவது மரபு. இங்கே அதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தப் போரில் கொள்ளைபோன செல்வம் அனைத்தும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அவருடைய கழுத்து. வழக்கில் சம்பந்தப்பட்டவரையே காப்புக்கு அழைப்பது முறையோ என்று சற்றுத் தயங்கினோம். பிறகு, இந்தக் கதையில் ஒரு பிழையும் செய்யாதவர் அவர் ஒருவரே என்று தெளிந்து, கைகூப்பிக் கேட்கிறோம்: ஐந்து கரத்தோனே, வந்து துணை நில், ஆனால் இந்த முறை பூ மட்டும் கேட்காதே.

போர் மூண்ட காரணம் இது. யாழ்ப்பாணத்தில் மின்கம்பிகள் காகங்கள் குந்துவதற்கு மட்டுமே பயன்பட்ட தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை நீண்ட விடுமுறைக்கென்று ஓர் ஆய்வுப் பயிற்சியை ஒழுங்கு செய்தது. பட்டப்படிப்பு இன்னும் முடியாத மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வியை எடுத்து, ஆடி தொடங்கி ஆவணி முடியும்வரை அதைத் துரத்திச் சென்று, விடையோடு திரும்ப வேண்டும். திரும்புவோரில் ஒருவருக்கு, ஒரேயொருவருக்கு, வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குத் துறை பரிந்துரை செய்யும். அந்த ஒருவராக ஆவது என்று பத்மாசினி மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பயிற்சியை நடத்தியவர் கலாநிதி யோசப்பின். குளிர்தேசத்தில் நாலு வருடம் ஒரு கடற்பாசியைப் பார்த்துக்கொண்டிருந்து பட்டம் பெற்றுத் திரும்பிய தவமகள் அவர். முதல் நாள் அவர் செய்த பிரகடனம் மாணவரின் செவிகளில் முரசறைந்தது.

“கலாநிதிப் படிப்புக்கு மூளை கொஞ்சம் இருந்தாக் காணும், பிள்ளையள். ஒரு கேள்விக்குப் பக்கத்திலை பேசாமல் இருக்கப் பழகவேணும். அதுதான் கஷ்டம். இருக்கேலாதவை இப்பவே எழும்பி வீட்டை போகலாம்.”

ஒருவரும் எழும்பவில்லை.

பத்மாசினி எடுத்த கேள்வி எருக்கலையைப் பற்றியது. வேலியோரத்திலும் வெறுங்காணியிலும் தானே முளைத்து, தானே வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும் அந்தச் செடி இத்தனை பூத்தும் ஏன் இத்தனை குறைவாய்க் காய்க்கிறது? எருக்கலம் பூவின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. சிறு பொதிகளாகப் பூவின் முடிக்குள் பூட்டிக் கிடக்கும். பெருத்த கருவண்டு வந்து அமரும்போது அதன் கால் மாட்டி இழுத்தால்தான் பொதி வெளியே வரும். அடுத்த பூவில் அது சரியான இடத்தில் செருகுப்பட்டால்தான் காய். வண்டு போதாமல்தான் காய் குறைகிறது என்பது பத்மாசினியின் ஊகம். அப்படியென்றால் வண்டின் வேலையை ஒரு குண்டூசி செய்தால் காய் கூட வேண்டும். செய்து பார்ப்பது, பார்த்துக் கொண்டிருப்பது, காயை எண்ணுவது. ஆய்வு இவ்வளவே. அலெக்சாந்தர் உலகை வெல்லப் புறப்பட்டபோது அவனிடம் இருந்த திட்டம் இதைவிடத் தெளிவாக இருந்ததென்று சொல்ல முடியாது.

போர்க்களம் இணுவிலில், அவள் விடுமுறைக்குத் தங்கியிருந்த குணலட்சுமி சின்னம்மா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முடிவில், புகையிலைத் தோட்டத்துக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவே நின்ற ஒரு பெரிய எருக்கலம் பற்றை. தோட்டக்காரர் மற்றவற்றையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எஞ்சிய பேரரசு அது ஒன்றுதான். மருமகளாவது பெறாமகளாவது, மனத்தில் பட்டதைச் சொல்லும் சின்னம்மா முதல் நாளே சொன்னார்.

“படிச்சுப் படிச்சுக் கடைசியிலை எருக்கலம் பத்தைக்கோ வந்து நிக்கிறாய்? கொம்மா கேட்டால் நான் ரோசாவைப் படிக்கிறாய் எண்டுதான் சொல்லப்போறன்.”

“பொய் சொல்லாதேங்கோ, சின்னம்மா.”

“சாமிப்பூவைப் படிக்கிறாய் எண்டு சொல்லுறன். அது பொய்யில்லைத்தானே.”

இங்கேதான் விதி ஒரு சிரிப்புச் சிரித்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

குண்டூசியால் மகரந்தப் பொதி ஏற்றிய பூ எது, சும்மா விட்ட பூ எது என்று பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். அடையாளத்துக்கு நிறநூல் வேண்டும். நிறநூல் கப்பலில் வரும், கப்பல் வந்தால். கடைகளில் இருந்தது வெள்ளை நூல் மட்டும். வெளிர்நீலம் பாய்ந்த வெண்பூவில் வெள்ளை நூல் கட்டினால் அதைக் கட்டியவளாலேயே காணமுடியாது. பத்மாசினி சிந்தித்தாள். சிந்தித்துச் சமையலறைக்குள் போனாள். அம்மியில் அரைத்திருந்த மஞ்சளில் நூலை நனைத்தாள். வெயிலிற் காயவிட்டாள். பொற்சரிகைபோல் ஒளிர்ந்த அந்த நூலைப் பூக்காம்புகளில் ஒவ்வொன்றாகக் கட்டி, அறிவு வென்றது என்று நிமிர்ந்தாள். ஐயோ, பெண்ணே, அறிவியலை மஞ்சளில் நனைத்தவளே, நல்ல சைவக் குடும்பத்திற் பிறந்து கோயிலும் குளமுமாக வளர்ந்த நீ, மஞ்சள் நூல் கட்டிய செடியை நம் ஊரார் என்னவென்று பார்ப்பார்கள் என்பதை அந்தப் பொழுதில் எப்படித்தான் மறந்தாயோ.

மறுநாள் காலை அவள் வந்து பார்த்தபோது நூல் கட்டிய பூக்கள் இல்லை.

நூல் கட்டாத பூக்கள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையாமல், பனி நனைந்த முகத்தோடு, நடந்ததைப் பார்த்தும் வாய் திறவாத சாட்சிகள்போல் வரிசையாக இருந்தன. கட்டியவை மட்டும், நூலோடும் காம்போடும், நேர்த்தியாகக் கிள்ளப்பட்டுப் போயிருந்தன.

பத்மாசினி வண்டைச் சந்தேகித்தாள். வண்டுக்கு மஞ்சள் பிடிக்குமோ என்று ஒரு கணம் கலங்கினாள். சோழகக் காற்றைச் சந்தேகித்தாள். ஆனால் காற்று பொறுக்கி எடுப்பதில்லை. ஆட்டைச் சந்தேகித்தாள். பக்கத்துக் காணியில் நின்ற ஆடு எருக்கலம் இலையை மோந்து பார்த்துவிட்டு, இதைத் தின்னும் அளவுக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை என்ற பாவனையில் விலகிப்போனது. கடைசியாகத் தன்னோடு பயிற்சியில் இருந்த சண்முகநாதனைச் சந்தேகித்தாள். புகையிலைப் புழுவை ஆராய்ந்துகொண்டிருந்த அவனோ, தன் புழுக்கள் போத்தல் மூடியைத் தள்ளிக்கொண்டு தப்பிவிட்டன என்று அவளிடமே வந்து அழுதான். அந்த அழுகை உண்மையானது.

நூல் மெல்லிதாக இருந்ததே பிழை என்று முடிவு செய்தாள். முப்புரி நூலாக முறுக்கினாள். மஞ்சளை இன்னும் தடிப்பாகப் பூசினாள். இன்னும் அதிகமான பூக்களுக்கு மகரந்தம் ஏற்றி, இன்னும் இறுக்கமாகக் கட்டினாள். அந்த நூல்கள் ஒழுங்கை வாசலில் நின்று பார்த்தாலே பளிச்சென்று தெரிந்தன.

அவையும் போயின. அது மட்டுமன்று. அவள் கட்டாத நூல்கள் வந்தன. ஒரு காலையில் பற்றையின் கீழ்க்கிளையில் அவளுக்குத் தெரியாத ஒரு மஞ்சள் நூல் தொங்கியது. அடுத்த காலையில் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதன் பிறகு மஞ்சள் துணியில் எதையோ முடிந்து ஒரு சிறு முடிச்சு. பகைவர் ஆயுதத்தை மட்டும் பறித்துச் செல்லவில்லை. தம் ஆயுதத்தையும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். உலகப் போர் வரலாறுகளில் இப்படி ஒரு படையெடுப்பு இல்லை. எது தன் நூல், எது பிறர் நூல் என்று பிரிக்க முடியாமல், பற்றையின் முன்னே குண்டூசியும் கையுமாக நின்ற பத்மாசினிக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது.

எதிரியின் பெருமையைப் பாடாமல் வீராங்கனையின் பெருமையை மட்டும் பாடுவது காவிய அறம் அன்று. ஆகவே கேளுங்கள்: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பாரந்தூக்கியை ஓட்டியவர், மேகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு கூண்டுக்குள் குந்தி மலைகளை இடம் மாற்றியவர், நாகலிங்கம். தொண்ணூறில் எறிகணையும் விமானக் குண்டும் விழ, அந்தப் பகுதியை விட்டு எல்லோரும் எழும்பியபோது அவரும் எழும்பி, இணுவிலில் ஓர் உறவினரின் காணியில் கொட்டில் போட்டிருந்தார். தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமற்போன கைக்கு அவரே ஒரு வேலை கொடுத்தார்: விடியுமுன் எழுந்து பிள்ளையாருக்குப் பூ ஆய்வது. கல்லைத் தூக்கிய அந்தக் கை, ஒரு பூவைக் காம்பு நோகாமல் கிள்ளித் தூக்கி, பனையோலைப் பெட்டிக்குள் மெல்ல இறக்கும். இறக்கும்போது பழைய பழக்கத்தில், “மெல்ல, மெல்ல, விடு,” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் அந்தப் பற்றையில் மஞ்சள் நூலைக் கண்டார். யாரோ நேர்த்திக்கடன் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டார். நேர்த்திப் பூ சாமிக்குத்தானே போய்ச் சேரவேண்டும்? கட்டியவர்களுக்கு வந்து ஆய வசதி இல்லையோ என்னவோ. அந்தப் புண்ணியத்தைத் தாம் செய்துவிடலாம் என்று, நூல் அவிழாமல் அந்தப் பூக்களை மட்டும் பக்தியோடு ஆய்ந்து எடுத்துக்கொண்டு போனார். மறுமுறை நூல் தடித்திருந்தது. பாவம், கட்டியவருக்குக் கவலை கூடிவிட்டது என்று இரங்கி, இன்னும் அக்கறையாக ஆய்ந்தார். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். நேர்த்திக்கு நல்ல பற்றை என்று ஊர் அறிந்தது அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளையாரிடமே முறையிடுவது என்று பத்மாசினி கோயிலுக்குப் போனாள். ஐயர் திரையை விலக்கிக் கற்பூரத்தைக் காட்டினார். அந்த ஒளியில் அவள் கண்டாள். விக்கினங்களைத் தீர்க்கும் பெருமானின் திருக்கழுத்தில், கொத்தும் நூலுமாக, மஞ்சள் மங்காமல், அவளுடைய ஆய்வின் முதலாம் அத்தியாயமும் இரண்டாம் அத்தியாயமும் மாலையாகத் தொங்கின.

கூப்பிய கை கூப்பியபடி நின்றது. சாமியைப் பார்த்துக் கோபிக்கலாமா என்று அவள் மனம் ஒரு நொடி கேட்டது. கேட்டதற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்பொழுது அவளுக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு நின்ற நெடிய மனிதர் வாய்விட்டு வேண்டுவது கேட்டது.

“பிள்ளையாரே, உந்த மஞ்சள் நூல் கட்டின பிள்ளை ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ன கவலையோ, திரும்பத் திரும்பக் கட்டுது. அந்தப் பிள்ளையின்ரை எண்ணத்தை ஒருக்கால் நிறைவேத்திவிடப்பா. நான் ஒவ்வொருநாளும் விடியக் கொண்டுவந்து போடுறன்.”

அன்பர்களே, இதைச் சிறிது நின்று பாருங்கள். ஒரு மனிதர் ஓர் ஆய்வைக் காலையில் அழிக்கிறார். மாலையில் அதே ஆய்வு வெற்றிபெற மனமுருகி மன்றாடுகிறார். இப்படிப்பட்ட பகைவனை எதிர்த்து வாள் உருவ எந்த வீரனுக்குக் கை வரும்? பத்மாசினிக்கும் வரவில்லை. ஆனாலும் காய் வேண்டும். கோயில் வாசலில் அவர் செருப்பைத் தேடும்போது போய் முன்னே நின்றாள்.

“ஐயா, உந்தப் பூவெல்லாம் நீங்களே ஆயிறது?”

“ஓம் பிள்ளை. ஏன், உம்மடை நேர்த்தியும் உதிலை இருக்கோ?”

“நேர்த்தி இல்லை, ஐயா. ஆராய்ச்சி.”

“சரி, ஏதோ ஒண்டு. எந்தக் கோயிலுக்கு?”

பத்மாசினி சொன்னாள். பொதியைச் சொன்னாள், குண்டூசியைச் சொன்னாள், யோசப்பின் மிஸ்ஸைச் சொன்னாள், அந்த ஒரேயோர் இடத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நாகலிங்கத்தின் முகம் மெல்ல மெல்ல இறங்கியது.

“அப்ப நான் ஆய்ஞ்சது…”

“காயா வரவேண்டியது, ஐயா.”

அவர் தம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“இவ்வளவு காலம் பாரந்தூக்கி ஓட்டினன். ஒரு சாமானைக் கீழை விழுத்தினதில்லை. உம்மடை சாமானை விழுத்திப்போட்டன், என்ன?”

“நீங்கள் எனக்காகக் கும்பிட்டனியள்தானே, ஐயா. கேட்டனான்.”

அந்த வாசலில் வைத்து உடன்படிக்கை ஒன்று எழுத்தில்லாமல் கைச்சாத்தானது. பத்மாசினி மீண்டும் பூக்களுக்கு மகரந்தம் ஏற்றுவாள். நாகலிங்கம் அந்தப் பற்றையின் பக்கமே கை நீட்டமாட்டார். நூலின் நிறத்தை மாற்றினால் என்ன என்று அவள் கேட்டாள்.

“கறுப்பாக் கட்டட்டோ, ஐயா?”

“செய்வினை எண்டு பத்தையோடை கொளுத்திப்போடுவினம்.”

“சிவப்பு?”

“வைரவருக்குப் போயிடும்.”

“பச்சை?”

“அம்மன் விடுவாவே?”

நம் ஊரில் தெய்வம் எடுக்காத நிறம் ஒன்றும் மிச்சமில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மஞ்சளே இருக்கட்டும் என்று முடிந்தது. புறப்படும்போது நாகலிங்கம் திரும்பி நின்று, தாமே செய்த வினையை ஒப்புக்கொள்ளும் குரலில் சொன்னார்:

“நான் விட்டாலும் ஊர் விடாது, பிள்ளை. ஆவணிச் சதுர்த்தி வருது. உது நேர்த்திப் பத்தை எண்டு நான்தான் சொல்லித் திரிஞ்சனான்.”

சதுர்த்தி வந்தது. எருக்கலம் பூ இல்லாமல் பிள்ளையார் சதுர்த்தி உண்டோ? அதற்குள் பத்மாசினியின் மூன்றாம் தொகுதிப் பூக்கள் வாடி உதிர்ந்து, சில காம்புகளில் மிளகளவில் பச்சைப் பிஞ்சு இரட்டையாக முகங்காட்டியிருந்தது. ஆனால் சதுர்த்திக்குப் பூ ஆய்வோர் ஒவ்வொரு பூவாகக் கிள்ளுவதில்லை. கொத்தோடு முறிப்பார்கள். பிஞ்சும் போகும், ஆய்வும் போகும், அந்த ஒரேயோர் இடமும் போகும். கிழக்கு வெளுக்கும்போதே பத்மாசினி பற்றையின் முன் போய் நின்றாள்.

ஒழுங்கையின் வாயில் படை தோன்றியது. முன்னணியில் பனையோலைப் பெட்டிகள். அவற்றின் பின்னே பித்தளைத் தட்டங்கள். இரு மருங்கிலும் சைக்கிள் படை, கைபிடிகளில் வாழையிலை பறக்க. நடுவே, தோய்ந்து முழுகி ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, திருநீறு பளபளக்கப் பூண்டு, ஊழிக்காலக் கடலென ஆரவாரித்து வந்தது இணுவில் மாதர் சேனை. அதன் தலைவியாக வந்தவர் பாலேஸ்வரி மாமி; கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் முதல் ஆளாக நிற்காத நாளே இல்லாதவர். அந்தோ, சேனையின் வலப்புறத்தில், கையில் பெட்டியோடு, பத்மாசினிக்குக் காலையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த குணலட்சுமி சின்னம்மாவும் வந்தார். சொந்த இரத்தமே எதிரணியில் நிற்பது காவியங்களுக்குப் புதிதன்று. வானத்தில் கருவண்டுகள் வட்டமிட்டன. அன்று வேறு எதுவும் பறக்கவில்லை. அதுவே பெரிய ஆறுதல்.

அந்த வேளையில் புகையிலைத் தோட்டத்து வரம்பால் பாய்ந்து வந்தார் நாகலிங்கம். கறுத்தக் குடையை விரித்துப் பற்றைக்கும் படைக்கும் நடுவே நீட்டி, இரு கைகளையும் அகல விரித்து, தாமே ஒரு பாரந்தூக்கியாகி நின்று பிரகடனம் செய்தார்:

“இந்தப் பத்தையிலை இண்டைக்கு ஒருதரும் கை வைக்கக் கூடாது. பிள்ளையாருக்கு அறுகம்புல் காணும்.”

படை நின்றது. ஆனால் திகைக்கவில்லை.

“உங்கடை பத்தையோ, அண்ணை?” என்றார் பாலேஸ்வரி மாமி. “காங்கேசன்துறையிலையிருந்து வந்து எங்கடை ஒழுங்கைப் பத்தைக்கு எப்ப உறுதி முடிச்சனியள்?”

சேனையில் சிலர் சிரித்தார்கள். நாகலிங்கத்தின் குடை சற்றுத் தாழ்ந்தது. காணியும் வீடும் விட்டு வந்த மனிதரிடம் உறுதிப் பத்திரத்தைப் பற்றிக் கேட்கும் வார்த்தை எந்த அம்பைவிடவும் ஆழமாகப் போகும் என்பது கேட்டவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் கேட்டிருக்கமாட்டார். நாகலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

அதைப் பத்மாசினி பார்த்தாள். பிஞ்சு போனாலும் போகட்டும், இந்த மனிதர் தனக்காகத் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று அவளுக்குள் ஒன்று எழுந்தது. குடைக்குக் கீழால் முன்னே வந்தாள். மகரந்தப் பொதி, மாதிரி, தொகுதி என்று அவள் கற்ற சொற்கள் எல்லாம் நாவுக்கு வந்தன. வந்து, பாலேஸ்வரி மாமியின் முகத்தைக் கண்டதும் திரும்பி ஓடின. எஞ்சி நின்றது ஒரு சொல்தான். இலையை மெல்ல ஒதுக்கி, காம்பில் ஒட்டியிருந்த இரட்டைப் பிஞ்சைக் காட்டிச் சொன்னாள்:

“மாமி, இது பிள்ளைத்தாச்சி.”

பாலேஸ்வரி மாமி குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கி இன்னும் கிட்டப் பார்த்தார்.

“எத்தினை மாசம்?” என்றார்.

“கிழமைக் கணக்குத்தான், மாமி. நான்தான் ஏத்தினனான். பிஞ்சு நிண்டாத்தான் எனக்கு மேலை படிக்கக் கிடைக்கும்.”

“தாய்க்காறி நீயோ?”

“ஒரு மாதிரி, ஓம்.”

மாமி நிமிர்ந்தார். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சேனையை நோக்கித் திரும்பினார். அவர் செய்த பிரகடனம் அன்றைய பிரகடனங்கள் எல்லாவற்றிலும் தலைசிறந்தது.

“பிள்ளைத்தாச்சியிலை கை வைச்சுப் பூப்பறிச்சுக்கொண்டு போனால் பிள்ளையார் எங்கடை முகத்திலை முழிப்பாரே? எல்லாரும் புல்லுக்கு நடவுங்கோ.” இரண்டடி போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அண்ணை, நான் கதைச்சதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ,” என்றார்.

“இல்லைத் தங்கச்சி,” என்றார் நாகலிங்கம். குடை மீண்டும் உயர்ந்தது.

வில் வளையவில்லை, வாள் மின்னவில்லை, ஒரு பூவும் உதிரவில்லை. கடலென வந்த படை, வயல் வரப்புகளில் குனிந்து அறுகம்புல் பிடுங்கும் அமைதியான பெண்களாகச் சிதறிப் போயிற்று. அன்று பிள்ளையார் புல் மாலையோடு மட்டும் வீற்றிருந்தார். அவருடைய முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை என்று கும்பிட்டு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

போர் முடிந்தது என்று எண்ணினீர்களா? பகையை வெல்லலாம், அன்பை வெல்வது அரிது. மறுநாளே முற்றுகை தொடங்கியது. பிள்ளைத்தாச்சிக்குத் தாகம் எடுக்குமே என்று பாலேஸ்வரி மாமி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். அதைப் பார்த்து அயலவர் ஆளுக்கொரு வாளி ஊற்றினார்கள். யாரோ சாணம் கரைத்து ஊற்றினார்கள். ஆள் நடமாட்டம் கூடியதால் கண்பட்டிருக்கும் என்று குணலட்சுமி சின்னம்மா செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்து, பற்றையைச் சுற்றி நாவூறு கழித்து, எரித்து, அந்தப் புகையில் ஒழுங்கை முழுவதையும் தும்ம வைத்தார். கல்லிலும் வெயிலிலும் வாழப் பிறந்த எருக்கலை, பிறந்த நாள்முதல் இப்படி ஓர் உபசாரத்தைக் கண்டதில்லை. கால் நனைந்து, அடியிலைகள் பழுத்து, வெட்கத்தால் தலை கவிழ்ந்தது.

பத்மாசினி வீடு வீடாக ஓடினாள். தண்ணீர் வேண்டாம், தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று மன்றாடினாள். முன்பு பூவைப் பிடுங்காதீர்கள் என்று கேட்டவள், இப்போது அன்பு செய்யாதீர்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில் நாகலிங்கம் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். வாளியோடு வருவோரை எல்லாம், “மெல்ல, மெல்ல, அங்காலை வாழைக்கு விடுங்கோ,” என்று திசைதிருப்பினார். வந்தவர்கள் வாழைக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு, எருக்கலையிடம் சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு அந்த வாழை தந்த குலையைப் பற்றித் தனிக் காவியமே பாடலாம்.

பிஞ்சுகளிற் சில உதிர்ந்தன. சில நின்றன. நின்றவை கிளிமூக்குப்போல் வளைந்து, காற்றடைத்ததுபோல் பருத்து, ஆவணி கடைசியில் பத்மாசினியின் உள்ளங்கையை நிறைத்தன.

அறிக்கை வாசிக்கும் நாள் வந்தது. மாணவர்கள் வரிசையாக நீள வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். சண்முகநாதன், புழு தப்பிய கதையை விட்டுவிட்டு, மீண்டும் பிடித்துவந்தவற்றைப் பற்றிச் சொன்னான். மற்றவர்களும் சொன்னார்கள், எல்லோருடைய ஆய்விலும் எல்லாம் நினைத்தபடியே நடந்திருந்தது. பத்மாசினியின் முறை வந்தபோது, கடைசி வாங்கில், தோய்த்து மடித்த வேட்டியோடு நாகலிங்கம் வந்து இருப்பதை அவள் கண்டாள். அவள் அழைக்கவில்லை. சாட்சி தேவைப்படலாம் என்று அவரே வந்திருந்தார்.

மகரந்தம் ஏற்றிய பூக்கள் சும்மா விட்ட பூக்களைவிடக் கூடக் காய்த்தன என்று அவள் சொன்னாள். முதல் இரண்டு தொகுதிகளும் கணக்கில் இல்லை என்றும் சொன்னாள்.

“ஏன் இல்லை?” என்றார் யோசப்பின்.

“பிள்ளையாருக்குப் போயிட்டுது, மிஸ்.”

வகுப்பறை அதிர்ந்தது. யோசப்பின் சிரிக்கவில்லை.

“ஆர் குடுத்தது?”

பத்மாசினி வாய் திறக்கவில்லை. அந்தப் பெயரை அவள் அறிக்கையிலும் எழுதவில்லை. கடைசி வாங்கில் நெடிய உருவம் ஒன்று எழுந்தது.

“அம்மா, பிழை என்ரை. பிள்ளை நூல் கட்டினதை நேர்த்தி எண்டு நினைச்சு ஆய்ஞ்சுபோட்டன்.”

“பிழை என்ரை, மிஸ்,” என்றாள் பத்மாசினி. “மஞ்சள்லை நனைச்சது நான்.”

“இல்லைப் பிள்ளை, நான் கேட்டிருக்கவேணும்.”

இரண்டு படைத்தலைவர்களும் தோல்வியைத் தமக்கே உரியதென்று உரிமை கொண்டாடிப் போட்டியிட்ட அந்தக் காட்சியை யோசப்பின் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காய் காணாது. இதை வைச்சு ஒண்டையும் அடிச்சுச் சொல்லேலாது,” என்றார். “ஆனால் இவ்வளவு பேரிலை, தொலைஞ்சதைத் தொலைஞ்சதெண்டு எழுதினது நீர் ஒராள்தான். உம்மடை பேரைத்தான் அனுப்பப்போறன்.”

அப்பொழுது, எண்திசைக் காவலரும் தத்தம் யானைகளை நிறுத்தி எட்டிப் பார்க்க, கருவண்டுக் கூட்டம் யாழிசைக்க, இணுவில் மாதர் சேனை வெற்றிக் குரவையிட, பாலேஸ்வரி மாமியின் வாளிகள் முரசென முழங்க, எருக்கலை தன் பழுத்த இலைகளையெல்லாம் பொன்மாரியாகப் பொழிய, இடர்களை ஆக்கியும் நீக்கியும் விளையாடும் பெருமான் தம் புல்மாலை அசையத் தலையசைத்து ஆசி கூற, பாரந்தூக்கிய கையால் பூத்தூக்கிய நாகலிங்கனார் கண்ணீர் மல்கித் துண்டால் முகம் துடைக்க, குண்டூசிப் படையாள், மஞ்சள்நூல் மாதரசி, எருக்கலங்கோ எனப் புகழ்பெற்ற பத்மாசினி, மூவுலகும் தன் அடியில் கிடப்பதுபோன்ற மகிழ்ச்சியில் படியிறங்கி, தன் தேர் நிற்கும் முற்றத்தை அடைந்தாள்.

பின்சில்லுக்குக் காற்றுப் போயிருந்ததால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.